இடமும் இருக்கையும்



என் சிறு வயதில் எங்கள் கிராமத்தில் இருவகை மாட்டு வண்டிகள் இருந்தன. ஒன்று பார வண்டி, மற்றொன்று வில்வண்டி. பார வண்டி நீண்டு அகன்றது. பத்துப் பேர் தாராளமாக ஏறிக்கொள்ளலாம். வில்வண்டியோ சிறியது, நால்வர் அமர்ந்துவிட்டால் ஐந்தாமவர் நடந்துதான் வரவேண்டும். ஆயினும் பிரசவத்திற்காகத் தாய்வீடு செல்லும் பெண்ணையும், வைத்தியரிடம் செல்லும் முதியவரையும் வில்வண்டியில்தான் ஏற்றி அனுப்புவார்கள். அடியில் இரும்பு வில்; மேலே வைக்கோல்; அதன்மேல் ஜமுக்காளம். இடம் வேறு, சுகம் வேறு என்பதை எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்தப் பழைய பாடம் அண்மையில் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கிறார். திருநெல்வேலியில் வாழும் தம் பெற்றோருக்கு உயர்தரமான கார் ஒன்று வாங்கித்தர அவர் விரும்பினார். தந்தையாருக்கு எழுபத்தைந்து வயது, நெடுநாளைய முதுகுவலி. தாயாருக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம். மாதம் ஒருமுறை இருவரும் மதுரைக்குச் சென்று மருத்துவரைக் காணவேண்டும். "ஐயா, தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கும் செடான் வாங்குவதா? உயரமான எஸ்.யூ.வி. வாங்குவதா? எதில் இடம் அதிகம்? எதில் அமர்வது சுகம்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். பெரியதாகப் பார்த்து வாங்கு என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்த ஒருவன் அளந்து பாராமல் விடை கூறலாமா? ஆதலால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டேன். அப்போது நான் கற்றவற்றையே இன்று உங்களுக்குக் கூறப்போகிறேன்.

முதலில் இவ்விரு வண்டிகளின் பிறப்பைக் காண்போம். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் மூடிய நாற்காலி ஒன்றைக் கம்புகளில் கோத்து, முன்னொருவரும் பின்னொருவருமாகச் சுமந்து சென்றனர். நம் நாட்டுப் பல்லக்கை ஒத்த அதற்குச் செடான் நாற்காலி என்று பெயர். மூடிய கூரையுடைய காருக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. எஸ்.யூ.வி.யின் கதை வேறு. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்திற்காகச் செய்யப்பட்ட ஜீப் வண்டியே அதன் முன்னோர்களுள் தலைமையானது. மேடு பள்ளங்களைக் கடப்பதே அதன் வேலை. இருக்கை என்பது பெயருக்கு ஒரு மெத்தைதான். 1970ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டியிலும் சேற்றுக் காலோடு ஏறி இறங்குவோருக்காக, நீர்விட்டுக் கழுவத்தக்க வினைல் இருக்கைகளே இருந்தன. அத்தகைய வண்டி படிப்படியாகத் தோல் மெத்தையும் மரவேலைப்பாடும் பெற்று, 2018இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே கல்லினன் என்ற எஸ்.யூ.வி.யை வெளியிடும் நிலைக்கு வந்தது. ஆக, ஒன்று பல்லக்கின் வழி வந்தது. மற்றொன்று போர்க்களத்தின் வழி வந்தது. இவ்வேறுபாடு இன்றும் அவற்றின் உடலமைப்பில் தெரிகிறது.

இனி அளவுகளுக்கு வருவோம். ஒரே நிறுவனம் செய்யும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் எஸ் கிளாஸ் என்பது செடான். 2020இல் வெளிவந்த அதன் நீண்ட வடிவத்தின் நீளம் 5,289 மில்லிமீட்டர். உயரம் 1,503 மில்லிமீட்டர். அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜி.எல்.எஸ். என்பது எஸ்.யூ.வி. அதன் நீளம் 5,207 மில்லிமீட்டர். உயரம் 1,823 மில்லிமீட்டர். அகலம் ஏறக்குறைய ஒன்றே. எண்களைக் கவனித்தீர்களா? பார்வைக்கு மலைபோல் நிற்கும் எஸ்.யூ.வி. உண்மையில் செடானைவிட எட்டு சென்டிமீட்டர் குட்டையானது. உயரத்தில் மட்டுமே 32 சென்டிமீட்டர் மிகுதி.

உள்ளே கிடைக்கும் இடத்தை அறிய வேண்டுமானால், மொத்த நீளத்தைவிட முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்க்கவேண்டும். கட்டிலில் படுப்பவனுக்குக் கால்களுக்கு இடையே உள்ள சட்டத்தின் நீளம் எப்படியோ, காரில் அமர்பவனுக்கு அச்சுகளின் இடைத்தூரம் அப்படி. எஸ் கிளாஸில் அது 3,216 மில்லிமீட்டர், ஜி.எல்.எஸ்.ஸில் 3,135 மில்லிமீட்டர். இங்கும் செடானுக்கே எட்டு சென்டிமீட்டர் மிகுதி. அன்றியும், செடான் தன் நீளத்தை இரண்டு வரிசை இருக்கைகளுக்கு மட்டுமே பங்கிடுகிறது, எஸ்.யூ.வி.யோ மூன்று வரிசைகளுக்குப் பங்கிடுகிறது. ஆகவே பின்னிருக்கையில் அமர்ந்து காலை நீட்ட விரும்புவோருக்குச் செடானே தாராளம்.

அப்படியானால் எஸ்.யூ.வி.யின் 32 சென்டிமீட்டர் உயரம் எங்கே போயிற்று? அது முழுவதும் தலைக்கு மேல் வெற்றிடமாக வந்து சேர்வதில்லை. ஒரு பகுதி தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் இடையே போகிறது. மற்றொரு பகுதி, இருக்கை உயர்ந்திருப்பதாலும், அதில் அமர்பவர் நிமிர்ந்து உட்காருவதாலும் செலவாகிறது. எஞ்சியதே தலைக்கு மேல் கிடைக்கிறது. நிமிர்ந்து உட்காருவதற்கும் சாய்ந்து உட்காருவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கணக்கிடலாம். இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 90 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் 20 பாகை பின்னே சாய்ந்தால், அவருக்கு வேண்டிய உயரம் 90ஐ 20 பாகையின் கோசைனால் பெருக்கிய தொகை; அதாவது சுமார் 85 சென்டிமீட்டர். நீளவாக்கில் வேண்டியது 90ஐ 20 பாகையின் சைனால் பெருக்கிய தொகை. சுமார் 31 சென்டிமீட்டர். அவரே 30 பாகை சாய்ந்தால் உயரம் 78 ஆகக் குறைகிறது. நீளம் 45 ஆகக் கூடுகிறது. கழுத்தை நிமிர்த்தி வைப்பதால் சிறு மாறுதல் உண்டு என்றாலும், விதி இதுதான். உயரம் குறைந்த இடத்தில் நீளம் கூடவேண்டும். நீளம் குறைந்த இடத்தில் உயரம் கூடவேண்டும். செடான் நீளத்தைச் செலவிடுகிறது, எஸ்.யூ.வி. உயரத்தைச் செலவிடுகிறது.

'பெரிய கார்' என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செடான்களை உட்புறக் கொள்ளளவால் வகைப்படுத்துகிறது. பயணிகள் இடமும் சாமான் இடமும் சேர்ந்து 120 கன அடி அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பெரிய கார். எஸ்.யூ.வி.களையோ அம்முகமை உட்புற இடத்தால் வகைப்படுத்துவதில்லை. ஏற்றத்தக்க பாரமும் சேர்ந்த மொத்த எடையால் வகைப்படுத்துகிறது. ஒன்றைப் படியாலும் மற்றொன்றைத் தராசாலும் அளந்த பிறகு, இரண்டையும் 'பெரியது' என்ற ஒரே சொல்லால் ஒப்பிடலாமா?

சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.எல்.எஸ்.ஸின் மூன்று வரிசைகளிலும் ஆட்கள் அமர்ந்தால் பின்னே எஞ்சும் இடம் சுமார் 355 லிட்டர். எஸ் கிளாஸின் பெட்டியோ சுமார் 550 லிட்டர் கொள்ளும். ஆனால் எஸ்.யூ.வி.யின் பின்னிரு வரிசைகளையும் மடித்துவிட்டால் 2,400 லிட்டர் வரை இடம் கிடைக்கிறது. ஆகவே எஸ்.யூ.வி.யின் சிறப்பு, இடம் எப்போதும் மிகுதியாக இருப்பதன்று. ஆட்களுக்கோ சாமான்களுக்கோ வேண்டியபடி இடத்தை மாற்றிக்கொள்ள முடிவதே.

அந்த மூன்றாம் வரிசையில் ஒரு திருமணத்திற்காக நான் இரண்டு மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன். பின் அச்சுக்கு மேலே தரை உயர்ந்துவிடுவதால், இருக்கைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடுகிறது. அதனால் தொடைகள் இருக்கையில் படியாமல் முழங்கால்கள் மேலெழும்புகின்றன. உடலின் பாரம் முழுவதும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்புகளின் மேலேயே தங்குகிறது. மண்டபத்தில் இறங்கியபோது நான் நடந்த நடையைக் கண்டு, என் பழைய மாணவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அது குழந்தைகளுக்குரிய இடம் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

இடத்தை விட்டு இருக்கைக்கு வருவோம். கார் செய்யும் பொறியாளர்கள் இருக்கையை அளக்கும்போது மனித உருவான ஒரு பொம்மையை அதில் அமர்த்துகிறார்கள். அதன் எடை சுமார் 76 கிலோகிராம். உடலும் தொடையும் கீல் போலச் சேரும் இடுப்புப் புள்ளியே அவர்களுக்கு ஆதாரம். கால் நீட்டும் இடம், தலைக்கு மேலுள்ள இடம், வெளியே தெரியும் காட்சி ஆகிய அனைத்தையும் அப்புள்ளியைக் கொண்டே கணக்கிடுவர்.

நல்ல இருக்கை என்றால் மென்மையானது என்று பலரும் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. முற்காலத்தில் குதிரை மயிரையும், ரப்பர் சேர்த்த தேங்காய் நாரையும் இருக்கைகளில் அடைத்தனர். இன்று பாலியூரிதேன் நுரையை வார்த்துச் செய்கின்றனர். எதுவாயினும், அளவு மீறி மென்மையாக இருந்தால் உடல் அமிழ்ந்து முதுகு வளைந்துவிடும். கடினமாக இருந்தால் எலும்பு அமரும் இடத்தில் வலி எடுக்கும். பாரத்தைத் தொடை முழுவதும் பரப்பித் தாங்குவதே நல்ல இருக்கை. அதன் முன்விளிம்பு மிக நீண்டால் முழங்காலின் பின்புறத்தை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குறுகினால் தொடை அந்தரத்தில் தொங்கும். விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்திற்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் போதும்.

சாய்மானத்தைப் பற்றி மருத்துவர்களும் ஆராய்ந்துள்ளனர். 1960களில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். 1970களில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் மேலும் ஆராய்ந்தபோது, முதுகுச் சாய்மானத்தைப் பின்னே சரிப்பதும், இடுப்பின் உள்வளைவுக்கு ஒரு தாங்கல் கொடுப்பதும் அவ்வழுத்தத்தைக் குறைப்பதைக் கண்டனர். நீளம் மிகுந்த செடானின் பின்னிருக்கை இவ்வகையில் முதுகு நோயாளிக்கு உகந்தது. எஸ்.யூ.வி.யிலும் இரண்டாம் வரிசையைச் சரிக்கும் வசதி உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, வண்டி ஓடும்போது நேரும் அசைவு. மனித உடல் நிமிர்ந்து அமர்ந்திருக்கையில் வினாடிக்கு நான்கு முதல் எட்டு முறை மேலும் கீழும் அதிர்ந்தால் மிகவும் துன்புறுகிறது. ஆகவே காரின் வில் அமைப்பை வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை முறை அசையுமாறு செய்வது வழக்கம். அது நாம் நடக்கும்போது நேரும் அசைவை ஒட்டியது. இரும்பு வில்லுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவையும் எண்ணெயையும் கொண்டு உடலைத் தாங்கும் முறையை, பிரான்சு நாட்டுச் சிட்ரோயென் நிறுவனம் 1955இல் தன் டி.எஸ். என்ற செடானில் அமைத்துப் புகழ் பெற்றது. ரேஞ்ச் ரோவர் 1992இல் காற்று வில்லைக் கையாண்டது. இன்று இரு வகை வண்டிகளிலும் இது காணப்படுகிறது.

பக்கவாட்டில் சாயும்போதுதான் உயரத்தின் குறை தெரிகிறது. தென்னை மரம் காற்றில் ஆடும்போது அடிமரம் அசைவதே தெரிவதில்லை. குருத்தோ ஒரு முழம் ஆடுகிறது. அதுபோலவே, வளைவில் வண்டி மூன்று பாகை சாய்வதாகவும், சாய்வின் அச்சு தரையை ஒட்டி இருப்பதாகவும் கொள்வோம். தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் உள்ள தலை சுமார் 6.3 சென்டிமீட்டர் நகரும், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள தலையோ 7.9 சென்டிமீட்டர் நகரும். இத்தகைய மெதுவான, திரும்பத் திரும்ப வரும் அசைவே பலருக்குக் குமட்டலை உண்டாக்குகிறது. இதைத் தடுக்க உயர்ந்த எஸ்.யூ.வி.களில் மின்விசையால் இயங்கும் தடுப்புகளை அமைக்கின்றனர். செடானுக்கு இயல்பாகவே வாய்த்ததை எஸ்.யூ.வி. இயந்திரத்தின் உதவியால் பெறவேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, செடானே சிறந்தது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பிறகு அந்த முதியவர் இருவரையும் அழைத்துக்கொண்டு, வண்டிகளை நேரில் பார்க்க மதுரைக்குச் சென்றேன். செடானின் பின்னிருக்கையில் தந்தையார் அமர்ந்தார். சாய்மானத்தைச் சரித்துக் கண்களை மூடிக்கொண்டார். "முதுகு இருப்பதே தெரியவில்லை, வாத்தியாரையா" என்றார். என் கணக்குப் பலித்தது என்று எனக்குப் பெருமை. தாயாரும் சுகமாகத்தான் அமர்ந்திருந்தார். இறங்கச் சொன்னபோதுதான் என் கணக்கின் குறை வெளிப்பட்டது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ அவரால் முடியவில்லை. ஒரு கை கதவைப் பற்ற, மறு கையை நானும், கடைப்பையன் ஒருவனும் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. வெளியே வந்து சேலையைச் சரி செய்துகொண்டபோது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் எளிது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடங்குகிறது. எழும்போது உடலின் பாரம் முழுவதையும் அம்மடிப்பே தூக்கவேண்டும். இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தாழ்ந்த மணைப்பலகையிலிருந்து கையூன்றாமல் எழுந்து பாருங்கள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். இருக்கை நம் இடுப்பின் உயரத்தை நெருங்கினால், கீழே இறங்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். பக்கவாட்டில் அமர்ந்து திரும்பிக்கொண்டால் போதும். அதற்கு மேல் உயர்ந்தால் ஏறுவது துன்பம். அடுத்துப் பார்த்த எஸ்.யூ.வி. முதலில் அவருக்குச் சற்று உயரமாகவே இருந்தது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தியதும் காற்று வில் தளர்ந்து, வண்டி சில சென்டிமீட்டர் தாழ்ந்து கொடுத்தது. அந்த அம்மையார் யார் கையையும் பிடிக்காமல் அமர்ந்தார், தாமே இறங்கினார். மறுபடியும் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தார்.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? தந்தையாரின் முதுகு செடானைக் கேட்கிறது. தாயாரின் முழங்கால் எஸ்.யூ.வி.யைக் கேட்கிறது. என் தாளிலிருந்த எண்கள் இதற்கு விடை கூறவில்லை. முதியவரே கூறினார்: "என் முதுகுக்கு ஒரு தலையணை போதும். அவள் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டுமா?" எஸ்.யூ.வி.யையே வாங்கினார்கள். மூன்றாம் வரிசையை மடித்து வைத்திருக்கிறார்கள். வளைவுகளில் நிதானமாகச் செல்லும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் வரிசையின் சாய்மானத்தோடு ஒரு சிறு தலையணையும் சேர்ந்து தந்தையாரின் முதுகைக் காக்கிறது.

மாணவர்களே, செடான் உயர்ந்ததா, எஸ்.யூ.வி. உயர்ந்ததா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. காலை நீட்டிச் சாய்ந்து நெடுவழி செல்லவும், அசைவு குறைந்திருக்கவும் செடான் நன்று. எளிதில் ஏறி இறங்கவும், நிமிர்ந்து அமரவும், இடத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும் எஸ்.யூ.வி. நன்று. வெளித்தோற்றத்தின் பெருமையைக் கொண்டு உள்ளிருக்கும் சுகத்தை மதிப்பிடுதல் பிழை. அளவு நாடாவை நம்புங்கள். ஆனால் அதனோடு நிறுத்திவிடாதீர்கள். அமரப்போகிறவரை அழைத்துச் சென்று அமரச் செய்யுங்கள், எழவும் செய்யுங்கள். ஒரு வண்டி தரும் சுகத்தை அதில் மிகவும் துன்பப்படக்கூடியவரைக் கொண்டே அளக்கவேண்டும். நோயாளிக்காக வில்வண்டியைப் பூட்டிய எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் செய்ததும் அதுதான்.